எள்ளுருண்டையும் விற்றமின் ஈயும்



விற்றமின் ஈ என்றதும் நமக்கு மாத்திரைதான் ஞாபகம் வரும். 1922இல் அமெரிக்காவின் பேர்க்லியில் ஈவான்ஸும் பிஷப்பும் எலிகளை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைக்காத எலிகளின் கரு வயிற்றிலேயே அழிந்தது.

உடல் அதை எப்படி உடைத்து வெளியேற்றுகிறது? 1956இல் சைமன் குழுவினர் சிறுநீரில் அதன் சிதைபொருளைக் கண்டார்கள். காமா வகையின் சிதைபொருள் 1996இல்தான் பிடிபட்டது.

இன்று ஆய்வுகூடங்களில் சிறுநீருக்கு நொதியம் சேர்த்து, கலவையைப் பிரித்து, மூலக்கூற்றின் திணிவைக் கொண்டு அளக்கிறார்கள். அப்படி அளந்தபோது, எள்ளெண்ணெய் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் காமா சிதைபொருள் குறைந்திருந்தது. எள்ளிலுள்ள செசமின் அந்த உடைவைத் தடுப்பதே காரணம். விற்றமின் இரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது.

எள் விளையும் வன்னியில் இருக்கிறோம் நாம். பிள்ளைகளின் கையில் பிஸ்கட் பக்கற்றுக்குப் பதிலாக எள்ளுருண்டையைக் கொடுப்போம்.