சித்ராலயா கோபு - சிரிக்க வெச்சவரு பேரு ஞாபகம் இருக்கா?

'காதலிக்க நேரமில்லை' படத்துல உங்களுக்கு என்ன பிடிக்கும்னு யாரைக் கேட்டாலும், நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற சீன்னுதான் பதில் வரும். சரி, அந்தப் படத்துக்கு எழுதினது யாருன்னு கேளுங்க. பாதிப் பேர் ஸ்ரீதர்னு சொல்லுவாங்க, மீதிப் பேர் முழிப்பாங்க. ஸ்ரீதரோட சேர்ந்து எழுதின சித்ராலயா கோபுவுக்காகத்தான் இந்தப் பதிவு.

கோபுவோட நிஜப் பேரு சடகோபன். ஸ்ரீதரும் அவரும் செங்கல்பட்டுல ஒண்ணாப் படிச்ச சிநேகிதங்க. அப்போ நம்ம காஞ்சிபுரமும் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளதானே இருந்துச்சு, அதனால கொஞ்சம் உரிமையோடவே எழுதறேன் :-) 1959ல 'கல்யாண பரிசு', 1962ல 'நெஞ்சில் ஓர் ஆலயம்'னு ஜனங்களை அழ வெச்சவர் ஸ்ரீதர். அவரே 1964ல கலர்ல, முழுநீளச் சிரிப்புப் படம் எடுத்தாரு. அந்தத் திருப்பத்துல கோபுவோட பங்கு பெருசு.

அதுல என்ன புதுசு? அதுக்கு முன்னால நிறைய படங்கள்ல காமெடி தனி டிராக்கா ஓடும். ஹீரோ அழுதுட்டு இருப்பாரு, காமெடியன் வேற தெருவுல கலாட்டா பண்ணிட்டு இருப்பாரு. வெட்டி எடுத்தாலும் கதைக்கு ஒண்ணும் ஆகாது. இதுல அப்படி முடியாது. செல்லப்பா (நாகேஷ்) யாரு? கதாநாயகிகளோட அண்ணன். 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' ஆரம்பிக்கணும்னா அப்பா விஸ்வநாதன்கிட்டதான் காசு கேக்கணும். தங்கச்சிங்க காதலுக்கும் அதே அப்பாதான் தடை, காரணமும் அதே காசுதான். வேலை போன ரவிச்சந்திரனுக்காக முத்துராமன் பணக்கார அப்பாவா வேஷம் கட்டறதும் அதுக்குத்தான். சிரிப்பு, காதல், பணம் மூணும் ஒரே முடிச்சு.

எங்க பிள்ளையார்பாளையம் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லணும்னா, கோர்வை! உடல் ஒரு கலரு, கரை ஒரு கலரு, ரெண்டையும் நெய்யும்போதே கோத்துக்கிட்டு வரணும். தனியா நெய்ஞ்சு தைக்கிறதுக்குப் பேரு கோர்வை இல்ல. அதுல இன்னொரு கை கூடவே உக்காந்து கரைக்கு நாடா போடும். புடவையைப் பாக்கறவங்க கண்ணுக்கு அந்தக் கை தெரியவே தெரியாது.

பேய்க்கதை சீனையே எடுத்துக்கோங்க. அதுல பாதிச் சிரிப்பு கதை கேக்கற பாலையா முகத்துலதான் இருக்கு. பயந்து நடுங்கற அந்த முகம் பாலையாவோட சொத்து, சந்தேகமே இல்ல. ஆனா காசு கேட்டு வர்ற பையனையும் காசு தர மாட்டேங்கற அப்பாவையும் எதிரெதிரா உக்கார வெச்சது எழுத்து.

1966ல இந்தியில 'ப்யார் கியே ஜா'ன்னு போச்சு, அங்க மெஹ்மூத் கலக்கினாரு. ஆள் மாறினாலும் சீன் நின்னுச்சுன்னா, அதோட எலும்பு எழுத்துலதான இருக்கு?

அமெரிக்காவுல ஜான் ஹ்யூஸ்னு ஒருத்தர். 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) மாதிரி இளவட்டப் படங்களா எழுதி எடுத்தவர். 2009ல அவர் போனப்போ ஒரு தலைமுறையே தன் பள்ளிக்கூட நாளை நினைச்சு உருகிச்சு. அவர் பசங்களுக்கு அப்பா அம்மான்னாலே புரியாத கூட்டம். கோபு - ஸ்ரீதர் பசங்க அப்பாவை ஏமாத்துவாங்க, ஆனா அவரை விட்டுட்டுப் போக மாட்டாங்க. கடைசியில அவரும் சேர்ந்து சிரிக்கணும். நம்ம ஊரு இளசுங்களோட நிஜ நிலைமை அன்னிக்கு அதுதான். இன்னிக்கும் பல வீட்டுல அதுதான்.

கோபு அதோட நிக்கல. அவர் நாடகம் 'காசேதான் கடவுளடா' 1972ல அவர் இயக்கத்துலயே படமாச்சு. போலிச் சாமியாரா தேங்காய் சீனிவாசன் பேசின மெட்ராஸ் பாஷையை மறக்க முடியுமா? அதையும் 2023ல மறுபடி எடுத்தாங்க.

அவர் பேருக்கு முன்னால ஒட்டிக்கிட்டிருக்கறது கூட ஸ்ரீதரோட கம்பெனிப் பேருதான். நடிச்சவங்க முகம் நமக்கு மனப்பாடம். எழுதினவரு நம்ம நாக்குல வசனமா தங்கிட்டாரு, பேரு மட்டும் தங்கல. அடுத்த தடவை டிவியில படம் ஓடும்போது டைட்டிலை ஓட விடாம ஒரு நிமிஷம் பாருங்க மக்களே. அந்த இன்னொரு கை அங்கதான் இருக்கு.