சாந்தோமில் பெற்ற மனத்திடம்

மயிலை என்றதும் விசுவாசிகளாகிய நம் உள்ளத்தில் முதலில் எழுவது அப்போஸ்தலரான புனித தோமையாரின் நினைவு. சின்னமலைக் குகையும், பரங்கிமலைச் சிலுவையும், சாந்தோம் கல்லறையும் நமக்குப் பாரம்பரியச் சொத்து. அந்த வரலாறு விழா மலர்கள் பலவற்றில் எழுதப்பட்டுவிட்டது. நாமும் திரும்ப எழுத வேண்டியதில்லை. இந்த ஜூபிலி மலரில் நாம் சொல்ல எடுத்துக்கொண்டது, அந்தக் கல்லறையின் நிழலில் வந்து தங்கிய வேறு இருவரைப் பற்றி. ஒருவர் நான்கு மாத காலம் தங்கிப் புறப்பட்டுப் போனார். மற்றவர் நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்து, தம் கடைசி நாட்களை இங்கே கழித்து, இங்கேயே கண்மூடினார். இருவரும் இயேசு சபைக் குருக்கள். இருவரும் துன்பத்தை அனுபவித்தவர்கள். துன்பத்தைவிடக் கசப்பான ஒன்றையும், அதாவது சொந்தக் கிறிஸ்தவர்களாலேயே வரும் நோவையும், அனுபவித்தவர்கள்.

முதலாமவர் புனித பிரான்சிஸ் சவேரியார். 1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்திறங்கிய அவர், அதே ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதகுல மக்களிடையே உழைக்கத் தொடங்கினார். செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி ஞானோபதேசம் சொன்ன கதை நம் பங்கிலுள்ள சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1544-ஆம் ஆண்டு அவருக்கு எப்படிப்பட்ட ஆண்டாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்த ஆண்டு ஜூன் மாதம் வடுகர் படை குமரிக்கரையில் புகுந்து சூறையாடியது. மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளின் மேல் ஏறி உயிர் தப்பினார்கள். பசியாலும் தாகத்தாலும் அங்கே மடிந்தவர்களும் உண்டு. சவேரியார் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்ததால் தோணிகள் முன்னே செல்ல முடியவில்லை. அதே ஆண்டில் மன்னார்த் தீவில் ஞானஸ்நானம் பெற்றிருந்த சுமார் 600 பேர், யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் கட்டளையால் வெட்டுண்டு வேதசாட்சிகளானார்கள்.

இவை வெளியிலிருந்து வந்த துன்பங்கள். இவற்றை அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமற்போனது வேறு. முத்துக்குளித்துறையைக் காக்க வேண்டிய போர்ச்சுக்கீசியக் கப்பித்தான் கோஸ்மே தெ பைவா, தன் வியாபாரத்தையே பெரிதாகக் கருதி, அந்த ஏழைக் கிறிஸ்தவர்களை வாட்டி வதைத்தான். ஞானஸ்நானம் பெற்றவனைக் கொள்ளையடிப்பவனும் ஞானஸ்நானம் பெற்றவன்தான்! இதைப் பற்றித் தம் துணையாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதமொன்றில், இந்த அநியாயங்கள் காதில் விழாத தூரத்துக்கு, அபிசீனியா நாட்டுக்கே போய்விடலாமா என்று தோன்றுவதாகச் சவேரியார் மனம் நொந்து எழுதுகிறார். 1545 சனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் காரமாகப் பேசுகிறார்: கொள்ளையடித்தல் என்ற ஒரு வினைச்சொல்லுக்கு இந்த அதிகாரிகள் கண்டுபிடித்திருக்கும் காலங்களும் திரிபுகளும் எந்த இலக்கணத்திலும் இல்லை என்பது அவர் சொன்னதின் சாரம்.

நாம் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதே சவேரியார்தான் சில மாதங்களுக்கு முன்பு மான்சிலாஸுக்குப் பொறுமையைப் போதித்தவர். அந்த மக்களிடம் கோபிக்காதே, நல்ல தகப்பன் பொல்லாத பிள்ளையை நடத்துவதுபோல நடத்து, உத்தரிக்கும் ஸ்தலத்து வேதனையை இம்மையிலேயே கழிப்பதாக எண்ணிக்கொள் என்றெல்லாம் கடிதத்துக்குக் கடிதம் எழுதியவர். பிறருக்குச் சொன்ன புத்தியைத் தமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய நாள் அவருக்கும் வந்தது. புனிதர்களைப் பீடத்தின் மேல் சுரூபமாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். நமக்கு என்னவோ இது ஆறுதலாகவே இருக்கிறது.

மன்னார்ப் படுகொலைக்காக யாழ்ப்பாணத்தின் மேல் படையெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக அவர் 1545-ன் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். பெகுவிலிருந்து சரக்கோடு வந்த போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டியது. சரக்கு அந்த மன்னன் கையில் சிக்கியது. சரக்கை மீட்கும்வரை சண்டை வேண்டாம் என்று படையெடுப்பு கைவிடப்பட்டது. (படைகொண்டு நீதி தேடுவது சரியா என்பது இன்று நாம் கேட்கும் கேள்வி, அந்தக் காலத்தில் சவேரியாரும் அதைக் கேட்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை.) எல்லா வழியும் அடைபட்ட அந்த நிலையில், கிழக்கே மக்காசர் தீவில் சிற்றரசர்கள் சிலர் திருமறையைத் தழுவியிருக்கிறார்கள், அங்கே குருக்கள் தேவை என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. போவதா, இருப்பதா? போக விரும்புவது ஆண்டவரின் அழைப்பினாலா, அல்லது இங்குள்ள கசப்பிலிருந்து தப்பி ஓடும் ஆசையினாலா? இந்த இரண்டும் வெளிக்கு ஒரே முகம் காட்டும். உள்ளே புகுந்து பிரித்தறிய ஓர் இடம் வேண்டும். அவர் தேர்ந்துகொண்ட இடம் நம் மயிலை.

குருத்து ஞாயிறன்று நாகையில் கப்பலேறிய அவர், எதிர்க்காற்றினால் கடல்வழி தடைப்படவே, கரையோரமாக நடந்தே வந்து சேர்ந்தார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். அப்போது சாந்தோமில் இன்றுள்ள கோபுரம் உயர்ந்த கோவில் இல்லை. அது 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. அன்றிருந்தது போர்ச்சுக்கீசியர் எழுப்பிய சிறு கோவில். பரங்கிமலைச் சிலுவைகூட அப்போது மண்ணுக்குள்தான் இருந்தது; 1547-இல்தான் அது கண்டெடுக்கப்பட்டது. கோவிலை அடுத்திருந்த பங்குத்தந்தை கஸ்பார் கொயேலியோவின் வீட்டில் அவர் தங்கினார். பகலில் பாவசங்கீர்த்தனம் கேட்பதும், பகை கொண்டவர்களைச் சமாதானப்படுத்துவதும், ஞானோபதேசமும். இரவில் செபம்.

அந்த இரவுகளைப் பற்றி நமக்குத் தெரிவது பங்குத்தந்தை கொயேலியோ பின்னாளில் அளித்த சாட்சியத்திலிருந்துதான். வீட்டுத் தோட்டத்தைக் கடந்து கல்லறைக் கோவிலுக்குச் சென்று சவேரியார் இரவில் தனியே செபிப்பார். தோட்டத்தில் பேய் நடமாட்டம் உண்டென்று ஊரார் சொல்கிறார்கள், இராவேளையில் போகாதீர் என்று பங்குத்தந்தை எச்சரித்தார். இவர் சிரித்துவிட்டுப் போனார். ஓர் இரவு துணைக்குப் படுத்திருந்த மலையாளத்து வேலைக்காரன் அடிவிழும் சத்தத்தையும், தேவமாதாவை உதவிக்குக் கூவியழைக்கும் குரலையும் கேட்டான். அடுத்த இரண்டு நாள் சவேரியார் படுக்கையை விட்டு எழவில்லை. வேலைக்காரன் மூலம் விஷயமறிந்த பங்குத்தந்தை, அவர் தேவமாதாவைக் கூவிய வார்த்தைகளையே அவர் முன்னால் வேடிக்கையாகச் சொல்லிக் காட்டுவாராம். சவேரியார் முகம் சிவந்து புன்னகை செய்வாராம். அடித்தது யார் என்று தர்க்கம் செய்ய நாம் வரவில்லை. போராட்டம் நடந்தது, அது உடம்பையும் விட்டுவைக்கவில்லை என்பதே நமக்குப் போதும்.

1545 மே 8-ஆம் நாள் மயிலையிலிருந்து கோவாவிலுள்ள நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தோமையாரின் இல்லத்தில் செபித்ததில், மலாக்காவுக்கும் அதற்கப்பாலும் செல்வதே ஆண்டவரின் சித்தம் என்று மிகுந்த உள் ஆறுதலோடு உணர்ந்ததாக அதில் தெரிவிக்கிறார். இந்த ஆண்டு போர்ச்சுக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால் முகமதியர் கப்பலிலோ பிற மதத்தினர் கப்பலிலோ போவேன். இந்தக் கரையிலிருந்து வெறும் கட்டுமரம் ஒன்று மட்டுமே புறப்பட்டாலும் அதில் ஏறிப் போவேன் என்கிறார். கட்டுமரம் என்ற நம் தமிழ்ச் சொல்லையே அவர் எழுதியிருக்கிறார்! நாகையில் சோர்ந்து போயிருந்த மனிதரின் பேச்சா இது? துறைமுகத்தில் சந்தித்த யுவாம் தெ எய்ரோ என்ற வணிகர் தம் கப்பலையும் சரக்கையும் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு இவரைப் பின்தொடர்ந்ததும் அந்த நாட்களில்தான்.

ஆனால் கடிதம் எழுதியதும் கப்பல் கிடைத்துவிடவில்லை. பருவக்காற்றுக்காக மேலும் மூன்று மாதங்களுக்கு மேல் காத்திருந்து, அதன் பிறகே மலாக்காவுக்குப் புறப்பட்டார். அங்கேயும் மூன்றரை மாதம் காத்திருந்தும் மக்காசரிலிருந்து நல்ல செய்தி வரவில்லை. கடைசிவரை மக்காசருக்கு அவர் போகவே இல்லை. 1546 சனவரியில் அம்போய்னாவுக்குக் கப்பலேறினார். விஷம் வைத்துக் கொல்பவர்கள் என்று பெயர்பெற்ற மோரோ தீவு மக்களிடம் அவர் செல்லப் புறப்பட்டபோது, அன்புள்ளவர்கள் அழுது தடுத்தார்கள். விஷமுறிவு மருந்துகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை அவர் அன்போடு மறுத்துவிட்டார். அவர் மார்பில் தொங்கிய சிறு பேழையில் இஞ்ஞாசியாரின் கையெழுத்தோடும் தம் வார்த்தைப்பாட்டுப் பத்திரத்தோடும், மயிலையிலிருந்து பெற்ற தோமையாரின் திருப்பண்டத் துணுக்கும் இருந்தது என்பர்.

இனி இரண்டாமவர். தத்துவபோதகர் என்று தமிழ் உலகம் அறிந்த ராபர்ட் தெ நொபிலி சுவாமிகள், 1606-இல் மதுரைக்கு வந்தார். காவியுடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, ‘நான் பரங்கி அல்ல’ என்று அறிவித்து வாழ்ந்தார். அதே மதுரையில் அவருக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்து உழைத்துக்கொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற சபைக் குருவுக்கு இது பொறுக்கவில்லை. இவர் வேடத்தையும், கோவிலைத் தனியே வைத்ததையும், புதுக் கிறிஸ்தவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ள விட்டதையும் கண்டித்து 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். ஒரே ஊர், ஒரே சபை! பங்குத் திருவிழாவில் கொடியேறுமுன்பே குறை சொல்லத் தொடங்கும் நம்மவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது.

அந்தப் புகார் பதின்மூன்று ஆண்டுகள் அவரைத் தொடர்ந்தது. நொபிலி திருமறையையே விட்டுவிட்டார் என்ற வதந்தி உரோமை வரை சென்று, அவருடைய உறவினரான கர்தினால் பெல்லார்மின் மனம் வருந்திக் கடிந்து எழுதினார். விளக்கத்தைப் படித்தபின் அவரே ஆதரவாளரானார். 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பேராயர் கிறிஸ்தோவாம் தெ சாவும் பெரும்பாலோரும் அவருக்கு எதிராக நின்றார்கள். 1623 சனவரி 31-இல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை, மூடநம்பிக்கை கலவாத நிபந்தனையோடு அனுமதித்தார்.

இத்தனை ஆண்டுகளும் அவர் செய்தது என்ன? எதிரியின் பெயரைக் கெடுக்கவில்லை. மதுரையை விட்டு ஓடவுமில்லை. உட்கார்ந்து எழுதினார். பூணூலின் வரலாறு, சாத்திரங்கள் சொல்வது, பழந்திருச்சபை பிற நாட்டு வழக்கங்களை ஏற்ற விதம் ஆகியவற்றை ஆதாரங்களோடு இலத்தீனில் விரித்து 1613-இலும் 1619-இலும் சமர்ப்பித்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திருந்தார். தமிழில் அவர் எழுதிய நூல்களில் ஒன்றின் பெயரே ‘தூஷண திக்காரம்’.

ஆயினும், அவரைக் குறை கூறியவர்கள் எல்லாரும் பொறாமைக்காரர்கள் என்று எழுதிவிட்டால் நாம் உண்மைக்குத் துரோகம் செய்தவர்களாவோம். உயர்சாதியாருக்கு ஒரு போதகர், ஏனையோருக்கு வேறொரு போதகர் என்று அவர் வழியில் வளர்ந்த ஏற்பாடு, நம் கோவில்களுக்குள்ளேயே சாதிச் சுவர்கள் நிலைத்து நிற்க இடங்கொடுத்தது. கல்லறைத் தோட்டத்தில்கூடத் தடுப்புச் சுவர் கண்ட கத்தோலிக்க ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அன்று ‘இது சரியா?’ என்று கேட்ட குரல்களில், கேட்டவர் நோக்கம் எதுவாயினும், கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வியும் இருந்தது. நொபிலியின் உடை, உணவு, மொழி பற்றி அவர் சொன்னதை இன்று திருச்சபை முழுவதும் ஏற்கிறது. சாதியைப் பற்றி அவர் விட்டுக்கொடுத்ததை இன்று எந்த ஆயரும் ஏற்கமாட்டார். ஒரே மனிதரின் மேல் வந்த ஒரே கண்டனத்தில் இரண்டும் கலந்திருந்தன. உமியையும் அரிசியையும் பிரிக்க நூற்றாண்டுகள் ஆயின.

1640-இல் மதுரையில் சிறையிருந்தார். கண்பார்வை மங்கிய முதுமையில் சபைத் தலைவர்கள் அவரை மதுரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து மயிலைக்கும் அனுப்பினார்கள். நாற்பதாண்டு உழைத்த ஊரை விட்டுப் போகச் சொன்னபோதும் போனார். மயிலையில் ஒரு மண்குடிசையில், மரக்கறி உணவோடு, தம் துறவு நியமம் எதையும் தளர்த்தாமல் வாழ்ந்தார். படிக்கக் கண் இல்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்ல உடனிருந்தவர்கள் ஏட்டில் எழுதினார்கள். 1656 சனவரி 16-ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். அவருடைய தமிழ் நூல்கள் நெடுங்காலம் ஏட்டிலும் அரிய பிரதிகளிலும் முடங்கிக் கிடந்து, 1960-களில் அருட்தந்தை இராசமாணிக்கம் சே.ச. அவர்களின் உழைப்பால் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகத்தின் பதிப்புகளாக மீண்டும் வெளிவந்தன.