228 பேர் சொன்ன ‘முடியாது’

பணம் கரைந்த நாட்கள் - 12

2008 செப்டம்பர் 29, திங்கட்கிழமை. வாஷிங்டனில் மதியம் ஒன்றரை மணி. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு தொடங்கியது. நியூயார்க் பங்குச் சந்தையில் வர்த்தகர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு, தொலைக்காட்சித் திரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். திரையில் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று இரண்டு எண்கள் ஓடின. எதிர்ப்பு ஏற ஏற, பங்கு விலைகள் மளமளவென்று இறங்கின.

15 நிமிடத்தில் முடிய வேண்டிய வாக்கெடுப்பை சுமார் 40 நிமிடம் இழுத்தார்கள். தலைவர்கள் தங்கள் உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து மன்றாடினார்கள். அதிபர் புஷ் கேட்ட மசோதா அது. அதிபர் தேர்தலில் எதிரெதிராக நின்ற ஒபாமாவும் மெக்கெய்னும் சேர்ந்து ஆதரித்த மசோதா. இருந்தும் தோற்றது. ஆதரவு 205, எதிர்ப்பு 228.

அன்று சந்தை மூடியபோது டவ் ஜோன்ஸ் குறியீடு 777 புள்ளிகள் சரிந்திருந்தது. ஒரே நாளில் அத்தனை புள்ளிகள் அதற்கு முன் சரிந்ததில்லை. அமெரிக்கப் பங்குகளின் மதிப்பில் சுமார் 1.2 லட்சம் கோடி டாலர் கரைந்துபோனது.

வங்கிகளைக் காப்பாற்ற வந்த மசோதாவைத் தோற்கடித்தது யார்? சபைக்குள் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 228 பேர். அவர்களை அப்படிப் போட வைத்தவர்கள் வெளியே இருந்தார்கள். இந்த வாரம் அவர்களுடைய கதை.

*

லேமன் பிரதர்ஸ் விழுந்ததைப் போன வாரம் பார்த்தோம். செப்டம்பர் 15 அன்று அந்த 158 வயது நிறுவனம் திவால் மனு கொடுத்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் சாயப் பார்க்க, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து அதைத் தாங்கிப் பிடித்தது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ரிசர்வ் பிரைமரி ஃபண்ட் என்று ஒரு நிதி. போட்ட ஒரு டாலர் என்றைக்கும் ஒரு டாலராகவே இருக்கும் என்று நம்பி, வங்கிக் கணக்கைப் போலவே மக்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். அது லேமனின் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தது. லேமன் விழுந்ததும், ஒரு டாலர் 97 சென்ட் ஆகிவிட்டது. போனது மூன்று சென்ட்தான். ஆனால் பெரிய கம்பெனிகள் சம்பளம் போடவும் சரக்கு வாங்கவும் சில வாரத் தவணையில் கடன் எடுப்பது இந்த வகை நிதிகளிடம்தான். பயந்துபோன மக்கள் பணத்தை எடுக்க வரிசை கட்டினால் அந்தக் கடன் நிற்கும். வால் ஸ்ட்ரீட்டை எட்டிக்கூடப் பார்க்காத தொழிலாளிக்கும் மாதச் சம்பளம் நிற்கும்.

நிதித்துறைச் செயலர் ஹென்றி பால்சனும் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கியும் இரவில் தூங்காமல் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது. 1930களின் பெருமந்தத்தை ஆராய்ச்சி செய்தே பெயர் வாங்கியவர் பெர்னான்கி. வங்கிகள் வரிசையாக விழுந்தால் நாடு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

செப்டம்பர் 20 அன்று அரசின் திட்டம் வந்தது. மொத்தம் மூன்று பக்கம். கேட்ட தொகை 70,000 கோடி டாலர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சுமார் 2,300 டாலர். வங்கிகளிடம் விலைபோகாமல் தேங்கிக் கிடந்த வீட்டுக் கடன் பத்திரங்களை அரசே வாங்கிக்கொள்ளும் என்றது திட்டம். எட்டாம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று நிதித்துறைச் செயலர் எடுக்கும் முடிவை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. அந்தச் செயலரோ 2006 வரை கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் தலைவராக இருந்தவர்.

பேச்சுவார்த்தையில் மசோதா சுமார் 110 பக்கமாக வளர்ந்தது. எட்டாம் பிரிவு மாற்றப்பட்டது, கண்காணிப்புக் குழு சேர்க்கப்பட்டது. அதற்குள் அந்த மூன்று பக்கம் செய்ய வேண்டிய சேதத்தைச் செய்துவிட்டது.

*

உறுப்பினர்களின் அலுவலகங்களில் போன் ஓயாமல் அடித்தது. ஒன்றை வைத்தால் அடுத்தது. அழைத்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எதிர்க்கிறார்கள் என்று உறுப்பினர்கள் பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். வந்து குவிந்த மின்னஞ்சல்களைச் சமாளிக்க முடியாமல் சபை நிர்வாகம் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கில் வெண்கலக் காளைச் சிலை நிற்கும் இடத்தில், கையால் எழுதிய அட்டைகளோடு மக்கள் கூடினார்கள். பொருளாதாரப் பேராசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு, இந்தத் திட்டம் நியாயமற்றது, தெளிவற்றது, அவசரப்படாதீர்கள் என்று நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது? ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்துக்குப் போனால் தெரியும். அங்கே ஸ்லாவிக் வில்லேஜ் என்று ஒரு பகுதி. உருக்காலை வேலைக்கு வந்த செக், போலந்துக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட சின்னச் சின்ன மர வீடுகள். திருப்பிக் கட்ட முடியுமா என்றுகூடப் பார்க்காமல், தரகர்கள் இங்கே வீடு வீடாகக் கடனைத் திணித்தார்கள். முதல் இரண்டு வருடம் வட்டி குறைவு. அதன் பிறகு தவணை எகிறியது. 2007இல் நாட்டிலேயே ஜப்தி மிக அதிகமாக நடந்த இடங்களில் ஒன்று என்று இந்தப் பகுதி பெயரெடுத்தது.

குடும்பம் வெளியேறிய வீட்டுக்குள் இரவில் திருடர்கள் புகுந்தார்கள். சுவரை உடைத்துச் செப்புக் குழாய்களை உருவினார்கள். வெளிச்சுவரின் அலுமினியத் தகட்டையும் உரித்துப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். மாநகராட்சி வந்து ஜன்னல்களுக்குப் பலகை அடித்தது. வரிசையில் நாலு வீடு பலகையோடு நின்றால், ஒழுங்காகத் தவணை கட்டும் ஐந்தாவது வீட்டுக்காரரின் சொத்துக்கும் மதிப்பில்லை. 2008 ஜனவரியில் கிளீவ்லாந்து மாநகராட்சி 21 வங்கிகள், நிதி நிறுவனங்கள் மீது வழக்கே போட்டது. எங்கள் தெருக்களை நாசமாக்கியது நீங்கள்தான் என்பது புகார். வழக்கு பின்னர் தள்ளுபடியானது.

அந்தத் தெருவில் நின்று யோசித்துப் பாருங்கள். தவணை தவறியவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டும்போது, ‘இவரை மீட்போம்’ என்று யாரும் மசோதா கொண்டுவரவில்லை. அந்தக் கடனைப் பத்திரமாக்கி விற்று, லாபம் பார்த்து, போனஸ் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டதும் பத்தே நாளில் 70,000 கோடி! போன் செய்தவர்களில் பலருக்குக் கடன் பத்திரங்களின் நுணுக்கம் தெரிந்திருக்காது. தப்பு ஒருவர் செய்ய, தண்டம் இன்னொருவர் கட்டுவது அநியாயம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நாட்களின் கருத்துக்கணிப்புகள் இதைத்தான் காட்டுகின்றன. ‘நிதிச் சந்தைகளைப் பாதுகாக்க அரசு பல நூறு கோடிகளை முதலீடு செய்வது சரியா?’ என்ற பொருளில் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 57 சதவீதம் பேர் சரி என்றார்கள். அதே வாரத்தில், ‘வரிப்பணத்தைக் கொண்டு தனியார் நிறுவனங்களை மீட்பது அரசின் பொறுப்பா?’ என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் ப்ளூம்பெர்க்கும் கேட்டபோது 55 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். நாடு பிழைக்க வேண்டும் என்பதில் மக்களுக்கு மறுப்பில்லை. யார் பணத்தில், யாரை என்பதில்தான் மறுப்பு.

அதனால்தான் எதிர்ப்பு ஓட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்தது. குடியரசுக் கட்சியில் 133 பேர், ஜனநாயகக் கட்சியில் 95 பேர். சந்தையில் அரசு தலையிடவே கூடாது என்றவர்களும், ஏழைக்கு இதில் ஒன்றுமில்லை என்றவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஓஹையோவின் மார்சி கேப்டரும் டென்னிஸ் குசினிச்சும் எதிர்த்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கோடு களத்தில் நின்ற ஜான் லூயிஸும் எதிர்த்தார். தேர்தலுக்கு ஐந்தே வாரம் பாக்கி. கடும் போட்டியிலிருந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் தொகுதியின் குரலுக்கே செவிசாய்த்தார்கள்.

*

777 புள்ளிச் சரிவு காற்றைத் திருப்பியது. ஓய்வுகாலச் சேமிப்பு பங்குச் சந்தையில் இருந்தவர்கள், ‘ஏதாவது செய்யுங்கள்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அக்டோபர் 1 அன்று செனட் சபை மசோதாவை மாற்றி எழுதி 74க்கு 25 என்று நிறைவேற்றியது. இப்போது அது 451 பக்கம். வங்கி டெபாசிட்டுக்கான காப்பீடு ஒரு லட்சம் டாலரிலிருந்து இரண்டரை லட்சமாக உயர்ந்தது. அது நல்ல மாற்றம். கூடவே உறுப்பினர்களை வளைக்க வரிச்சலுகைகளும் ஏறின. சிறுவர்கள் விளையாடும் மர அம்புகளுக்குக்கூட வரிவிலக்கு இருந்தது. அக்டோபர் 3 அன்று பிரதிநிதிகள் சபையும் 263க்கு 171 என்று ஏற்றது. ஜான் லூயிஸ் இம்முறை ஆதரித்தார். அன்றே புஷ் கையெழுத்திட்டார்.

வங்கிகளுக்குக் கொடுத்த பணம் பின்னாளில் லாபத்தோடு திரும்பி வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்களுக்கென்று பிறகு ஒதுக்கியது சுமார் 4,600 கோடி டாலர். அதுவும் மெள்ள மெள்ளத்தான் போய்ச் சேர்ந்தது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களின் வீட்டைக் காப்போம் என்று 2009இல் அறிவித்த திட்டம், அந்த எண்ணிக்கைக்கு வெகுதூரம் முன்பே நின்றுவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், அரசுப் பணத்தில் உயிர்பிழைத்த ஏ.ஐ.ஜி. தன் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தது வெளிவந்தது. அக்டோபரில் வேலையில்லாதோர் விகிதம் 10 சதவீதத்தைத் தொட்டது.

செப்டம்பர் 29 அன்று போனில் கேட்ட கேள்விக்கு 451 பக்கத்திலும் பதில் இல்லை. பதில் கிடைக்காத கோபம் வேறு வாசல் தேடியது. வலதுபக்கம் டீ பார்ட்டி இயக்கமாகக் கிளம்பியது. மசோதாவை ஆதரித்த யூட்டா மாநில செனட்டர் பாப் பென்னட்டுக்கு 2010இல் சொந்தக் கட்சியே சீட்டு மறுத்தது. இடதுபக்கம் 2011 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் அருகே ஸுக்கோட்டி பூங்காவில் கூடாரம் அடித்தது.

அந்த 228 ஓட்டை அறியாமை என்று அன்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வீடு தீப்பிடித்தால் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும், சரி. பால்சனும் பெர்னான்கியும் தண்ணீர் ஊற்றினார்கள். தீ அணைந்த பிறகு, எப்படிப் பிடித்தது, எரிந்த குடிசைக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் இல்லையா? ஸ்லாவிக் வில்லேஜ் மக்கள் கேட்டது அதைத்தான். அவர்கள் தெருவில் பலகை அடித்த வீடுகள் பலவற்றைப் பிறகு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடங்களில் இப்போது புல் முளைத்திருக்கிறது.

(தொடரும்)

அடுத்த வாரம்: 2008 அக்டோபர் 13. ஒன்பது பெரிய வங்கிகளின் தலைவர்களை ஒரே மேஜையில் உட்கார வைத்தார் பால்சன். ஆளுக்கொரு தாள் நீட்டப்பட்டது. 12,500 கோடி டாலருக்கு அன்று மாலைக்குள் கையெழுத்து வேண்டும்.