வரியும் அடியும்: கணினிக் கோப்பில் தமிழ்ப்பாடல் இழந்ததும் மீட்டதும்

பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வாழ்ந்தோருள் ‘நிரை’ என்னும் சொல்லை அறியாதார் இலர். பால்மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசைக்கு அதுவே பெயர். காலைப் பெரட்டில் பெயர் கொடுத்தபின், பால்வெட்டச் செல்வோர் தத்தம் நிரையில் நின்று வேலையைத் தொடங்குவர். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். துரைமார் ‘லைன்’ என்றதைத் தொழிலாளர் தம் நாவுக்கேற்ப அவ்வாறு ஆக்கிக்கொண்டனர். யாப்புப் பயிலும் மாணவர்க்கு நிரை என்றால் நிரையசை; இசை பயில்வோர்க்கு லயம் என்றால் தாளம். ஏட்டில் எழுதியது ‘வரி’, செய்யுளில் அமைந்தது ‘அடி’. ஆங்கிலத்தார் ‘லைன்’ என்னும் ஒரு சொல்லால் குறிக்கும் இவை அனைத்துக்கும் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இவற்றுள் வரிக்கும் அடிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினிக் கோப்பின் முன் அமர்ந்தபோது நாம் மறந்தோம். அம்மறதியால் நேர்ந்த இழப்பிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் முன்னர்ப் பால்வெட்டிய மூதாட்டி ஒருவர் பாடிய பாடல்களை, அவருடைய மகள் பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைத்திருந்தார். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்த பின்னர் எஞ்சியிருந்தது அவ்வேடு ஒன்றே. நாம் அதனை இரவல் வாங்கித் தட்டச்சுச் செய்து, ஏட்டை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தோம். பின்னர், கோப்பின் வரிகள் சீராக இல்லை என்று கருதி, ‘எஃப்.எம்.டி.’ என்னும் சிறு கருவியை அதன்மேல் ஏவினோம். வரிகள் சீராயின, பாடல்கள் பத்திகளாயின. ஓரடி முடிந்து மற்றோரடி தொடங்கும் இடம் எங்கும் தெரியவில்லை. மூலக்கோப்பைத் தனியே எடுத்து வைக்கும் முன்யோசனையும் நமக்கு இல்லாமற் போயிற்று. ஏட்டை மீண்டும் கேட்டபோது, கரையான் அதில் பாதியைத் தின்றிருந்தது.

கருவியின்மீது குற்றம் இல்லை. கட்டளைத் திரையில் பெயரைத் தட்டினால் இயங்கும் இக்கருவி, 1970களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸ் முறைமையோடு வெளிவந்தது. மின்னஞ்சலை அனுப்புமுன் வரிகளை ஒழுங்கு செய்வதே அதற்கு வைத்த பணி. இரு வெற்று வரிகளுக்கு இடைப்பட்டதை ஒரு பத்தியாகக் கொள்ளும். அதனுள் இருக்கும் வரிமுடிவுகளை எல்லாம் நீக்கிச் சொற்களை ஒரே தொடராக்கும். குறித்த அகலத்துக்குள் அடங்குமாறு மீண்டும் முறிக்கும். லினக்ஸ் கணினிகளில் இன்று வழங்கும் குனு பதிப்பு இன்னும் நுட்பமானது. டொனால்டு குனூத்தும் மைக்கேல் பிளாசும் 1981இல் வெளியிட்ட ஆய்வின் வழியில், ஒவ்வொரு வரியையும் தனித்தனியே நிரப்பாமல், பத்தி முழுவதையும் நோக்கி எங்கெங்கே முறித்தால் நன்று என்று எடைபோடும். நாம் வேறொன்று சொல்லாவிடில் அகலம் 75 இடங்கள். 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த துளையட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. திரைகளும் அவ்வகலத்தை மரபாகப் பெற்றன. அதற்குள் அடங்கவே இந்த 75.

வரிமுடிவு என்பது தாளின் அகலத்தால் நேர்ந்த தற்செயல், அதற்குப் பொருள் இல்லை என்பதே இக்கருவியின் அடிப்படைக் கொள்கை. உரைநடைக்கு அது முற்றிலும் உண்மை. நம் முன்னோரும் ஓலையில் அவ்வாறே நடந்துகொண்டனர். ஏட்டுச்சுவடியில் ஓலை முடியுமிடத்தில் வரி முடியும். சொல் பாதியில் நின்றாலும் எழுதுவோர் கவலைப்படார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. மெய்க்குப் புள்ளி இடுவதும் அரிது. செய்யுளையும் அடி பிரிக்காமல் தொடர்ந்தே எழுதிச் சென்றனர். அதனாலன்றோ 1887இல் சீவக சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் அச்சிட்ட உ.வே. சாமிநாதையர், மூலம் எது, உரை எது என்று பிரித்தறியவே பெரும்பாடு பட்டார்! இன்று பாடநூலில் நான்கு சீராய் மடங்கி நிற்கும் அகவலடியைக் காணும் மாணவர், அந்த மடிப்பு ஒருவர் உழைத்து இட்டது என்பதை உணர்தல் வேண்டும்.

ஆயினும் சுவடியில் அடி அழியவில்லை. கண்ணுக்கு மட்டுமே மறைந்திருந்தது. சீரும் தளையும், அடிதோறும் இரண்டாம் எழுத்தில் ஒன்றும் எதுகையும் அதனைக் காத்தன. தொல்காப்பியர் செய்யுளியலில் அடியின் நீளத்தை எழுத்தெண்ணியே வகுக்கிறார்: நான்கு முதல் ஆறு எழுத்து வரை குறளடி, ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி, பத்து முதல் பதினான்கு வரை அளவடி, பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி, பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி. ஆனால் ஒற்றெழுத்தை அவர் எண்ணுவதில்லை. எதை எழுத்து என்று எண்ணுவது என்னும் அவ்வினா, கணினியில் வேறு உருக்கொண்டு மீண்டும் எழுந்தது.

தமிழ் கணினியில் ஏறிய வரலாற்றில் மலேசியருக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் வந்த முரசு அஞ்சல் கடல்கடந்த தமிழரைத் தமிழிலேயே மடலெழுத வைத்தது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்க, பல நாட்டுத் தன்னார்வலர் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து கோப்புகளாக்கினர். அந்நாளில் வழங்கிய டிஸ்கி குறியேற்றத்தில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட்டு. 75 என்றால் ஏறத்தாழ 75 வடிவங்கள். ஒருங்குறி வந்தபின் கணக்கு மாறியது. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உணவகமொன்றின் தாள்விரிப்பில் வரைந்து பார்த்த யு.டி.எஃப்-8 முறையில், ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும்.

நம் ஊர்ப்பெயரையே எண்ணிப் பார்ப்போம். ‘ஈப்போ’ என்பதில் நம் கணக்கில் எழுத்து மூன்று. தொல்காப்பியர் அடி அளக்கும் கணக்கில் ஒற்று நீங்க இரண்டு. ஒருங்குறியில் ஈ, ப, புள்ளி, ப, ஓகாரக் குறி என ஐந்து. பைட்டுகளோ பதினைந்து. ‘சுங்கை சிப்புட்’ இடைவெளியோடு சேர்ந்து 43 பைட்டு. அதனை ஒரு வரியில் இருமுறை எழுத 75 போதாது! குனு எஃப்.எம்.டி. நெடுங்காலமாக எண்ணிவந்தது பைட்டையே. ஆகவே அதன்கீழ் தமிழ் வரி ஏறத்தாழப் பதினைந்து எழுத்தளவில் நின்றுவிடும். உரைநடை செய்யுள்போல் குறுகி நின்றது. செய்யுளோ உரைநடைபோல் தொடர்ந்து ஓடியது. எங்கள் கோப்பில் நேர்ந்தது இதுவே.

‘ஃபோல்டு’ என்னும் மற்றொரு கருவி இதனினும் கொடிது. அது பத்தியை நோக்காது; எண்பதாம் இடம் வந்ததும் வெட்டும். லினக்ஸில் நெடுநாள் வழங்கிய பதிப்புகள் பைட்டெண்ணியே வெட்டின. எண்பதை மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஆகவே இடைவெளியற்ற தமிழ்த் தொடரில் இருபத்தேழாம் குறி இரண்டு பைட்டு இங்கும் ஒன்று அங்குமாக அறுபடும். திரையில் எழுத்துக்கு மாறாகக் கறுப்புக் கட்டமும் வினாக்குறியும் தோன்றுவது இதனால்தான். குறிகளை எண்ணி வெட்டினாலும் முழுத்தீர்வு இல்லை. ககரம் ஒரு வரியிலும் அதன் உகரக் குறி மறுவரியிலும் விழக்கூடும். உயிர்மெய் ஓரெழுத்து என்பதை முதல் வகுப்புக் குழந்தை அறியும். கருவிக்கு அதனைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கிறது. அச்சுப் பதிப்புகளில் ஐந்தடிக்கு ஒருமுறை ஓரத்தில் இடும் எண்ணும் இக்கருவிகளுக்கு வெறும் சொல்லே. பத்தியாக்கிய சங்கப் பாடலில் 5, 10, 15 என்பன நடுவரியில் வந்து நிற்பதைக் கண்டால் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

மூதாட்டியின் பாடல்களை மீட்க முனைந்தபோது, நாம் நம்பியது பழைய சுவடிப் பதிப்பாளர் நம்பியதையே: எதுகை, மோனை, சீரளவு. தாலாட்டுகள் பெரும்பாலும் எளிதில் பிரிந்தன. அவற்றில் அழைப்புச் சொற்கள் அடிமுதலில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒப்பாரியில் விளிகள் உதவின. பால்வெட்டுப் பாடல்களில்தான் இடர்ப்பட்டோம். அவை கிராணியையும் கங்காணியையும் எள்ளும் பேச்சுநடையில் அமைந்தவை. எதுகை சில இடங்களில் மட்டுமே உண்டு. மூச்சு நிற்குமிடமே அடிமுடிவு. அம்மூச்சை மகள் தம் ஏட்டில் வரிமுடிவாகக் குறித்திருந்தார். நாம் அழித்தது அதனைத்தான். புதுக்கவிதைக்கும் இந்நிலையே, வரி மடங்குமிடம் அன்றி வேறு அடையாளம் அதற்கு இல்லை.

பள்ளி ஆண்டுமலர்களையும் தோட்டத்துக் கையெழுத்து ஏடுகளையும் கோப்பாக்கும் ஆசிரியர்க்கு நடைமுறைக் குறிப்பு ஒன்றிரண்டு கூறலாம். எஃப்.எம்.டி. கருவிக்கு ‘எஸ்’ என்னும் விருப்பக்குறி தந்தால், நீண்ட வரியை முறிக்குமேயன்றி இரு வரிகளை இணைக்காது. அப்போதும் அகலத்தை 300 என்றோ அதற்கு மேலோ வைத்தல் நன்று; இல்லையேல் பைட்டுக் கணக்கில் அடி இரண்டாகும். உரைநடையும் பாடலும் கலந்த கோப்பாயின், அவற்றை முதலிலேயே தனிக்கோப்புகளாகப் பிரித்து, உரைநடையை மட்டும் கருவியிடம் விடலாம். தட்டச்சுச் செய்த முதற்படியைத் தொடாமல் ஒரு நகல் வைத்தலும், கையேட்டின் பக்கங்களைப் படமெடுத்தலும் அரை நாள் வேலை. நாம் அதைச் செய்யவில்லை.

கரையான் விட்டுவைத்த பக்கங்களிலிருந்து சில பாடல்களை அடிமாறாமல் திருத்தினோம். பிறவற்றில் யாப்பு காட்டிய இடத்தில் பிரித்து, பிரித்தது நாமே என்பதற்கு உடுக்குறி இட்டோம். பால்வெட்டுப் பாடல்களுள் ஆறு இன்றும் கோப்பில் பத்தியாகவே உள்ளன. மகள் அவற்றைப் படித்துப் பார்த்தார். இரண்டைத் தயங்கித் தயங்கிப் பாடியும் காட்டினார். மூன்றாவதில், தாய் எங்கே நிறுத்துவார் என்பது தமக்கு நினைவில்லை என்றார்.