இடுப்புத்தளப் பயிற்சி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள பெண்களின் சிறுநீர்ச் சிக்கல்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயில், மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளின் மயலின் உறை அழற்சியால் சிதைகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. மூளைக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே செய்தி தடைபட்டால் அடக்க முடியாத அவசரம், கசிவு, இரவில் பலமுறை எழ வேண்டிய நிலை என்று தொல்லைகள் தொடங்கும். இந்நோயாளிகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் இதற்கு ஆளாகிறார்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டியதல்ல இது. நோயின் ஒரு பகுதி.

இடுப்புத்தளத் தசைகள் முன்புறப் பூப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளிபோல் அமைந்து சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. இவற்றை இறுக்கினால் சிறுநீர் வெளியேறும் குழாய் மூடிக்கொள்கிறது. கூடவே, அனிச்சையாகச் சிறுநீர்ப்பைச் சுவரின் துடிப்பும் அடங்குகிறது. இந்நோயில் அவசரத்தைத் தணிப்பது பெரிதும் இந்த இரண்டாவது விளைவுதான். பிரசவத்துக்குப் பின் கசிவு ஏற்பட்ட பெண்களுக்காக அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இத்தசைகளை இறுக்கிப் பழகும் பயிற்சியை விவரித்தார்.

காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும். முடிந்தவரை, அதிகம் போனால் 10 விநாடி பிடித்து, அதே அளவு ஓய்வு தர வேண்டும். மூச்சைப் பிடிப்பதும் தொடையை, பிட்டத்தை இறுக்குவதும் தவறு. ஒரு தடவைக்கு 8 முதல் 10 முறை, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம் செய்வது பொதுவான அளவு. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்திப் பழகக் கூடாது. உடல் சூடும் களைப்பும் இந்நோயின் அறிகுறிகளைக் கூட்டுமென்பதால், களைப்பில்லாத வேளையில் படுத்தபடி தொடங்குவது நல்லது.

உணர்வு மங்கியிருந்தால் தசை இறுகுகிறதா என்பதே தெரியாமல் போகலாம். ஆகவே இயன்முறை மருத்துவரின் பரிசோதனை முதலில் அவசியம். தசையைத் தன் விருப்பப்படி இறுக்கும் திறன் மிஞ்சியிருப்பவர்களுக்கே பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012இல் இப்பயிற்சியைப் பரிந்துரைத்தது. தசையின் இயக்கத்தைத் திரையில் காட்டும் கருவியும் மின்தூண்டலும் சேர்ந்தால் பலன் கூடுவதாக, 30 பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது.

சிலருக்குச் சிக்கல் நேரெதிரானது: சிறுநீர்ப்பை சுருங்கும்போது குழாயைச் சுற்றிய தசை தளராமல், சிறுநீர் உள்ளேயே தேங்கிவிடும். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சி மட்டும் போதாது, தொல்லையைக் கூட்டவும் கூடும். கழித்தபின் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்த்து, தேக்கம் மிகுந்தால் அவ்வப்போது கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை வைத்து வெளியேற்றச் சொல்லித் தருவார்கள்.