மூச்சுக்காக ஒரு வழக்கு

மூச்சைக் கவனித்துச் செய்யும் பிரார்த்தனை என்றதும் நமக்கு யோகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ உலகம் இதற்காகப் பெரிய வழக்கே நடத்தியிருக்கிறது.

கிரேக்கத்தின் ஆதோஸ் மலைத் துறவிகள் தலையைக் கவிழ்த்து, மூச்சை மெதுவாக்கி, இயேசுவின் பெயரை ஓயாமல் சொல்வார்கள். இந்த மரபுக்கு ஹெசிக்காசம் என்று பெயர். 'ஹெசிக்கியா' என்றால் அமைதி. உள்ளே போகும் மூச்சோடு மனத்தையும் இதயத்துக்குள் இறக்க வேண்டும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்த நிக்கிபோரஸ் எழுதிவைத்தார்.

தென் இத்தாலியிலிருந்து வந்த பர்லாம் என்ற அறிஞர் இதைக் கேட்டுச் சிரித்தார். ஆன்மாவைத் தொப்புளில் வைத்திருப்பவர்கள் என்று கேலி செய்தார். கேலிக்குள் ஒரு கேள்வி இருந்தது: பிரார்த்தனையில் உடலை மறக்கத்தானே வேண்டும்?

ஆதோஸ் துறவி கிரெகரி பாலமாஸ் பதில் எழுதினார். பவுலே உடலை ஆலயம் என்கிறார். ஆலயத்தை விட்டு ஏன் வெளியே போக வேண்டும்? மூச்சுப் பயிற்சி முக்கியமாகப் புதியவர்களின் அலைகிற மனத்துக்கு ஒரு துணை. அருளைத் தருவது கடவுள்தான், மூச்சல்ல.

1341இல் கான்ஸ்டாண்டினோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் பாலமாஸ் பக்கம் நின்றது. பர்லாம் இத்தாலிக்கே திரும்பினார். உடலும் பிரார்த்திக்கும் என்பது பின்னர் கீழைத் திருச்சபையில் நிலைபெற்றது.