பில்லியர்ட்ஸ் மேசைக்கு ஏற்ற மரம் எது?

உணவு மேசை சிறிது கோணினால் எவரும் அறியார். எழுது மேசை ஆடினால் தாளை மடித்துக் காலுக்கடியில் செருகிவிடுவோம். பில்லியர்ட்ஸ் மேசையிலோ, நூலளவு சாய்வு இருந்தாலும் பந்து வழி விலகித் தச்சரின் பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆதலின், அம்மேசைக்கு மரம் தேர்ந்த வரலாறு, மரத்தின் இயல்பை மனிதன் கற்றறிந்த வரலாறும் ஆகும்.

பலகை தோற்ற இடம்

ஐரோப்பாவில் புல்தரையில் ஆடிய ஆட்டமே வீட்டுக்குள் புகுந்து பில்லியர்ட்ஸ் ஆயிற்று என்பர். தொடக்கத்தில் பந்து ஓடும் தளம் ஓக் முதலிய மரங்களின் பலகையால் ஆனது. அத்தளம் நெடுநாள் சமமாக நிற்கவில்லை.

காரணம் எளிது. வெட்டி அறுத்த பின்னும் மரம் காற்றின் ஈரத்தை உண்ணும், வறண்டால் உமிழும். நீளவாக்கில் அதன் அளவு மாறுவது மிகமிகக் குறைவு. அகலவாக்கில் மாற்றம் மிகுதி. அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே பலகை குழிந்து வளைகிறது.

1799-இல் லண்டனில் தொழில் தொடங்கிய ஜான் தர்ஸ்டன், 1826-இல் மரத்தளத்தை நீக்கிச் சிலேட்டுக் கல்லைப் பதித்தார். நம் பள்ளிப் பிள்ளைகள் முன்பு எழுதிய சிலேட்டும் இக்கல்லே. கல் ஈரத்தால் வளைவதில்லை. தளத்தின் சிக்கல் அன்றோடு தீர்ந்தது.

மரத்துக்கு எஞ்சிய பணி

அதனால் மரம் மேசையை விட்டு நீங்கிவிடவில்லை. 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள முழு மேசையில் ஐந்து கற்பாளங்கள் உண்டு. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அவற்றைச் சட்டமும் எட்டுக் கால்களும் தாங்க வேண்டும். துணியை இழுத்துக் கட்டும் சிற்றாணிகளைப் பற்றிக்கொள்ளக் கல்லின் அடிவிளிம்பிலும் மரம் வேண்டும்.

இப்பணிகளில் மகோகனி பெயர் பெற்றது. குடியேற்ற நாட்டு மரங்களுக்கான இறக்குமதி வரியைப் பிரிட்டன் 1721-இல் நீக்கியபின், மேற்கிந்தியத் தீவுகளின் மகோகனி அங்கே பெருகிற்று. பச்சை மரம் முற்றும் உலரும்போது அதன் அகலம் நூற்றுக்கு நாலைந்து பங்கே குறையும். ஓக் அதனினும் மிகுதியாகச் சுருங்கும்.

வெள்ளையர் சென்ற இடமெல்லாம் மேசையும் சென்றது. நெவில் சேம்பர்லேன் என்னும் படை அதிகாரி (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறொருவர்) 1875-இல் ஜபல்பூரில் தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு, 1882-இல் நம் உதகமண்டலத்துக் கிளப்பில் விதிகள் வரையப்பட்டன. ஈரமும் கறையானும் மிகுந்த இத்தகைய நாடுகளுக்குத் தேக்கு பொருத்தமானது. அது சுருங்குவது குறைவு. அதன் வைரப்பகுதியிலுள்ள எண்ணெய்ப்பசை கறையானை அண்டவிடாது.

பால்மரத்தின் பங்கு

பந்து பட்டுத் திரும்பும் விளிம்புக்கு 1835-இல் ரப்பர் வந்தது. குளிரில் அது கட்டையாக இறுகிவிட்டதால் சூடேற்றியே ஆட வேண்டியிருந்தது. கந்தகம் சேர்த்துப் பக்குவம் செய்த ரப்பர் 1845-இல் அக்குறையைப் போக்கிற்று. அந்நாளைய ரப்பர் தென் அமெரிக்கக் காட்டு ரப்பர். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து இந்நாட்டுத் தோட்டங்கள் விரிந்தன. பின்னர் துரைமார் கிளப்புகளில் பந்து துள்ளியதற்குப் பின்னே, விடியுமுன் பால்வெட்டிய நம்மவர் உழைப்பும் இருந்தது. அக்கிளப்புகளின் வாயிலோ அவர்களுக்குத் திறந்ததில்லை.

அப்பால்மரத்தின் கட்டைக்கு நெடுநாள் மதிப்பே இல்லை. பால் வற்றிய மரத்தை வெட்டிப் புகைக்கூண்டிலும் அடுப்பிலும் எரித்தனர். மாவுச்சத்து மிகுந்த அம்மரத்தைப் பூஞ்சணமும் உளுப்பு வண்டும் விரைந்து கெடுத்துவிடும். வெட்டிய சில நாட்களுக்குள் அறுத்து, போரான் உப்பை அழுத்தத்தால் ஊட்டி, சூளையில் உலர்த்தும் முறை தேர்ந்தபின், 1980-ஆம் ஆண்டுகளில் அது மலேசியத் தளவாடத் தொழிலின் முதன்மை மரமாயிற்று. அதன் சுருக்கமோ தேக்கின் சுருக்கத்தை ஒட்டியதே! இன்று பல பில்லியர்ட்ஸ் மேசைகளின் சட்டமும் காலும் இம்மரமே. ஆயினும் ஈரம் படும் இடமும் வெயில் மழையும் அதற்கு ஆகா.

ஆகவே, ஏற்ற மரம் எது என்பதற்குப் பெயரையும் விலையையும் மட்டும் விடையாகக் கூறல் பொருந்தாது. மரம் எப்படி அறுக்கப்பட்டது, எவ்வளவு உலர்ந்தது, எந்த உறுப்புக்கு வைக்கப்படுகிறது என்னும் மூன்றையும் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். ஓக்கு உயர்ந்த மரமாயினும் தளத்தில் தோற்றது. அடுப்புக்கென்று தள்ளிய பால்மரம் பக்குவம் கண்டபின் சட்டத்தில் வென்றது. பயனற்றது என்று ஒன்றை ஒதுக்குமுன், அதற்குரிய பக்குவத்தை நாம் செய்தோமா என்று கேட்பது தச்சருக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் உரிய கடமையாகும்.